கடதாசியில் இல்லாத குசினி

என் தங்கை சுமதி இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருபத்திரண்டு வருடங்களாக வாழ்கிறாள். இவ்வளவு காலமும் என்னிடம் ஓர் உதவியும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டது இது: “அக்கா, ஒரு பழைய வீடு பாத்திருக்கிறன். நீங்கள் ஒருக்கா வந்து தட்டிப் பாத்துச் சொல்லுங்கோ.”

என்னைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு நானும் கணவரும் யப்பானில், கோபே நகரத்தில், ஐம்பது வயதான ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் வீடு வாங்கினோம். அங்கே பழைய வீட்டை யாரும் விரும்பி வாங்குவதில்லை. நான் மாதக்கணக்காகக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினேன். தூண் எங்கே வெடித்திருக்கிறது, தண்ணீர்க் குழாயை எப்போது மாற்றினார்கள், கடைசிக் கூட்டத்தில் குடியிருப்பாளர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பழைய வீடு என்றால் என் பெயர்தான். எனக்கும் அதில் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடும், சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு சிறிய சுத்தியலோடும் புறப்பட்டேன். சுத்தியல் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி என்னோடு வந்து சேரவில்லை.

விமான நிலையத்தில் சுமதியின் கணவர் ரவி நின்றார். நகரத்துக்குப் போகும் ரயில் அன்று ஓடவில்லை, வேலைநிறுத்தம் என்றார். கோபேயில் ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே நூறு பேர் பெட்டிகளோடு நின்றார்கள், யாரும் யாரிடமும் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. பஸ் வரும்வரை ரவி ஒரு காகிதப் பொதியை என் கையில் தந்தார். எள்ளுத் தூவிய பாணுக்குள் கடலைமாவில் மெல்லிய தகடுகளாகப் பொரித்து வைத்திருந்தார்கள்; மேலே எலுமிச்சை பிழிந்திருந்தது.

“பனெல்லெ எண்டு சொல்லுவினம், மச்சாள். எங்கட கடலைமாதான். உறைப்பு மட்டும் இல்லை,” என்றார்.

ஆறாயிரம் மைல் பறந்து வந்து கடலைமா சாப்பிட்டதில் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

சுமதி வீட்டுக்குப் போனதும்தான் விஷயத்தின் அவசரம் புரிந்தது. பழைய நகரத்தின் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். பதினாலு வருடம் இருந்த வீடு. வீட்டுக்காரர் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறாராம். ஓகஸ்ட் முடிய வெளியேறச் சொல்லிவிட்டார். அந்தச் சந்தில் ஏற்கெனவே ஐந்து கதவுகளில் எண்கள் அழுத்தித் திறக்கும் சிறிய சாவிப் பெட்டிகள் தொங்கின. சுமதி மூன்று மாதம் வாடகை வீடு தேடியிருக்கிறாள். தொலைபேசியில் அவளுடைய இத்தாலிய மொழியைக் கேட்டு, வாருங்கள் என்பார்களாம். நேரில் கண்டதும் இப்போதுதான் கொடுத்துவிட்டோம் என்பார்களாம். பதினோராவது வீட்டிலிருந்து திரும்பிய அன்று, இனி வாடகைக்குக் கேட்பதில்லை, வாங்குவதுதான் என்று முடிவெடுத்திருக்கிறாள். வங்கி கடன் தரச் சம்மதித்தும் விட்டது. பகலில் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியைப் பராமரிக்கிறாள், மாலையில் இரண்டு வீடுகள் துப்புரவு செய்கிறாள்; ரவிக்கு ஹோட்டல் வேலை. மகள் வடக்கே படிக்கிறாள்.

இரண்டாம் நாள் காலை வீட்டைப் பார்க்கப் போனோம். என் பெட்டி வராததால் சுமதியின் சட்டையையும் காற்சட்டையையும் போட்டுக்கொண்டேன். வீடு போர்கோ வெக்கியோவில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், உழைப்பாளிகள் நெருக்கமாக வாழும் பகுதி. சின்னச் சந்தை ஒன்றைக் கடந்துதான் போகவேண்டும். கணவாயும் மத்தியும் பனிக்கட்டியில் கிடந்தன. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் மஞ்சள் பழங்கள் குவிந்திருந்தன. கோபேயில் பிவா என்போம். பெட்டியில் முட்டை அடுக்குவது போல ஒவ்வொன்றாக அடுக்கி விற்பார்கள், வருடத்துக்கு ஒருமுறைதான் நான் வாங்குவேன். இங்கே அந்த மனிதர் இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டார். இதற்கு இங்கே ‘யப்பான்காரப் பழம்’ என்றும் பெயர் இருப்பதாகச் சுமதி சொன்னாள். நான் யப்பானிலிருந்து வருவதாக அவரிடம் சொல்லச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்னும் நாலு பழம் போட்டார்.

கட்டடம் அறுபதுகளில் கட்டியது. ஐந்து மாடி, லிப்ற் இல்லை. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும். தரகர் ஃபாபியோ கூர் மூக்குச் சப்பாத்தோடு வாசலில் நின்றார். என்னைப் பார்த்து, இவவும் உங்களோடு வேலை செய்கிறவவா என்று சுமதியிடம் கேட்டார். இவவுக்கு யப்பானில் சொந்த வீடு இருக்கிறது என்று அவள் சொன்னதும் குரலை மாற்றிக்கொண்டு எனக்கும் கதவைத் திறந்து பிடித்தார்.

மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பூப்போட்ட பழைய தரை ஓடுகள். எல்லாவற்றுக்கும் பின்னால், சமைக்க ஒரு குசினி. மூன்று பக்கமும் கண்ணாடி. தடித்த வெள்ளைப் பளிங்கில் கழுவுதொட்டி. கண்ணாடிக்கு வெளியே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், ஒரு வெள்ளைக் கப்பல், இடது பக்கம் மலை. நான் அறை அறையாகச் சுவரைக் கைமுட்டியால் தட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது சுமதி அந்தத் தொட்டியின் முன்னால் நின்றாள். தண்ணீரைத் திறக்கவில்லை, ஒன்றையும் தொடவில்லை. சும்மா நின்றாள். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் குசினிகளில் நின்றவள் நிற்பது போல அது இல்லை. அப்போதே எனக்குப் பயம் பிடித்தது. வீடு வாங்கப் போகிறவர் வீட்டின் மேல் ஆசைப்பட்டுவிட்டால் குறைகளைப் பார்க்க மாட்டார்.

சுவர்கள் பரவாயில்லை. ஆனால் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். பல்கனிகளின் அடிப்பாகத்தில் சீமெந்து உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. இரண்டாம் மாடிக்குக் கீழே வலை கட்டியிருந்தார்கள். வலைக்குள் சீமெந்துத் துண்டுகள் கிடந்தன. கட்டடக் குடியிருப்பாளர்களின் கடந்த ஐந்து வருடக் கூட்டக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். ஃபாபியோ சிரித்தார். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒருவரும் கேட்டதில்லையாம். கட்டடம் நின்றுகொண்டுதானே இருக்கிறது என்றார். கோபேயில் எனக்கு வீடு விற்றவர் ஒரு முழுப் பிற்பகலும் எதிரே இருந்து ஒவ்வொரு தாளாக வாசித்துக் காட்டினார். அடுத்த முப்பது வருடத்தில் எந்த வருடம் கூரை, எந்த வருடம் குழாய் என்று அட்டவணை தந்தார். அதைச் சுமதி சொன்னபோது ஃபாபியோ, அவர்கள் பாவம், அவ்வளவு கவலையோடு வாழ்கிறார்கள் என்றார்.

குறிப்புகள் கட்டட நிர்வாகியிடம் இருந்தன. அவருடைய அலுவலகம் பிரான்காச்சோவில். நகரத்தின் கிழக்கு ஓரம். மூன்றாம் நாள் சுமதி வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்தாள். பஸ் நாற்பது நிமிடம் வரவில்லை. வந்த பஸ் ஒரு சுற்றுவட்டத்தின் நடுவில் உறுமி நின்றுவிட்டது. சாரதி இறங்கி, டயரை ஒருமுறை உதைத்துவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார். எல்லாரும் இறங்கி நடந்தோம். எங்களோடு நடந்த ஒரு பெண்மணியின் நெற்றியில் திருநீறு இருந்தது. மொரிசியஸ்காரி, பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பம். அவருக்குத் தமிழில் தேவாரம் பாடத் தெரியும், பத்துவரை எண்ணத் தெரியும், பேசத் தெரியாது. சுமதியும் அவரும் இத்தாலியனில் கதைத்தார்கள். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டு, பிரியும்போது என் கையைப் பிடித்து, வீடு என்று தமிழில் சொன்னார். நல்லது என்பதற்குச் சொல் கிடைக்காமல் தலையை ஆட்டினார்.

நிர்வாகி மோட்டார்சைக்கிள் திருத்துமிடம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே. சொந்தக்காரியின் கடிதம் இல்லாமல் ஒரு தாளும் தரமுடியாது என்றார். நியாயம்தான். நான் எழும்பினேன். சுமதி எழும்பவில்லை. அந்தக் கடிதத்தில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்று நீங்களே ஒரு தாளில் எழுதித் தாருங்கள், பிறகு அது பிழை இது பிழை என்று நான் இரண்டாம் தரம் இந்தப் பஸ்ஸில் வரமுடியாது என்றாள். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். பிறகு எழுதித் தந்தார். தந்தபோது, அடுத்த வியாழன் மாலை கட்டடத்தின் கூட்டம் இருக்கிறது, பல்கனி விஷயம்தான் என்றும் சொன்னார்.

வீட்டுக்குச் சொந்தக்காரி சினியோரா மிம்மா. எழுபத்தெட்டு வயது விதவை. முழங்கால் முடியாமல் மூன்று மாடி ஏற இயலாது என்று, பக்கத்து ஊரான பகேரியாவில் மகளோடு போய் இருக்கிறா. ஐந்தாம் நாள் அங்கே போனோம். ரயில் ஒரு சிறிய நிலையத்தில் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டது. எதிரே இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, சாப்பாட்டுப் பொதியைத் திறந்தார்கள். ஒருவர் எங்களுக்கும் வெள்ளரிக்காய்த் துண்டு நீட்டினார்.

மகளின் வீட்டில் மிம்மாவுக்குக் கொடுத்திருந்த அறையின் யன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோப்பியும் வாதுமை பிஸ்கற்றும் தந்தா. சுமதியும் அவவும் சிசிலிய வழக்கில் கதைத்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என் தங்கை அப்படி வேகமாக, கையை ஆட்டி, இடையில் வெட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. வீட்டில் கடைசிப் பிள்ளை. யாரும் அவளைப் பேசவிட்டதில்லை. மிம்மா கடிதத்தில் கையெழுத்து வைத்தா. கூட்டத்துக்குத் தன் சார்பில் போகச் சுமதியின் பெயருக்கே ஓர் அதிகாரத் தாளும் எழுதித் தந்தா. அந்தக் கூட்டங்களுக்குப் போனால் தனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறதாம்.

குசினியைப் பற்றிக் கேட்டோம். அவவின் முகம் மலர்ந்தது. கணவர் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பை உருக்கி ஒட்டும் வேலை செய்தவர். நாற்பது வருடத்துக்கு முன், ஓகஸ்டில் ஊரே கடற்கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒன்பது நாளில் தன் கையால் இரும்புச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கட்டியது. தான் வேலை செய்த கப்பல்கள் வெளிக்கிடுவதை மனைவி சமைத்துக்கொண்டே பார்க்கவேண்டும் என்றாராம். சுமதி இதை எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஊரில் ஆளில்லாத நேரம் பார்த்து ஏன் கட்டவேண்டும்?

ஆறாம் நாள் அதற்குப் பதில் கிடைத்தது. சுமதி துப்புரவு செய்யும் வீடுகளில் ஒன்று ஒரு ஜியோமெத்ராவின் வீடு. வீடுகளை அளந்து, வரைபடம் சரிபார்த்து, அரசாங்கக் கடதாசிகள் செய்கிறவர்களை அப்படிச் சொல்கிறார்கள். சனிக்கிழமை காலை அந்தப் பெண் சுமதிக்காக வந்தார். சிவப்பு ஒளி விழும் கருவியால் அறைகளை அளந்தார். குசினிக்குப் போனதும் அளப்பதை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். அதில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை, திறந்த பல்கனி. குசினி என்று எழுதியிருந்தது இப்போது பழைய சாமான் போட்டிருக்கும் சிறிய அறையில்.

“கடதாசியில இப்பிடி ஒரு குசினி இல்லையாம்,” என்றாள் சுமதி.

வங்கியிலிருந்து வந்து பார்க்கிறவர் இதை ஏற்கமாட்டார். அனுமதி கேட்டு எழுதலாம். எத்தனை மாதமாகும், கிடைக்குமா என்று சொல்லமுடியாது. அல்லது வீட்டின் உறுதிப் பத்திரம் எழுத முன்னர் இடித்து எடுத்துப் பல்கனியைப் பழையபடி ஆக்கவேண்டும். ஓகஸ்டில் வெளியேற வேண்டியவளுக்கு ஒரு வழிதான் இருந்தது. அன்றே கூட்டக் குறிப்புகளும் நிர்வாகியிடமிருந்து வந்தன. ரவி மேசையில் வைத்து வாசித்தார். பல்கனி திருத்தம்: ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம்: ஒத்திவைக்கப்பட்டது. ஆறு தடவை.

பிற்பகல் சுமதி மிம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பேச்சு இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அவர் கட்டியதை நான் உடைக்கச் சொல்வேனா என்று கேட்டு மிம்மா வைத்துவிட்டா. ஒரு மணித்தியாலத்தில் ஃபாபியோ அழைத்தார். மிலானிலிருந்து ஒருவர், வங்கிக் கடன் வேண்டாம், வீட்டை இருக்கிறபடியே எடுக்கிறேன் என்கிறாராம். அதுவும் சுற்றுலாப் பயணிகளுக்கு விடத்தான். அடுத்த வாரம் முடியச் சினியோரா முடிவு சொல்வா என்றார்.

எனக்குக் களைத்துப்போயிற்று. பல்கனி உதிர்கிறது, குசினி சட்டத்தில் இல்லை, அயலவர்கள் ஐந்து வருடமாக ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை. கோபேயில் இதில் ஒன்று இருந்திருந்தாலே நான் திரும்பியிருப்பேன். விட்டுவிடு, வேறு வீடு பார்ப்போம் என்று சொன்னேன். சுமதி கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

“கோபேயில உங்களைப் பாத்திட்டு வீடு இல்லை எண்டு ஒருதரும் சொல்லேல்லையோ, அக்கா?”

“வாடகைக்குக் கேக்கேக்கை சொன்னவை. வெளிநாட்டாக்களுக்குக் குடுக்கிறேல்லையாம். அதாலைதானே வாங்கினனாங்கள்.”

“அப்ப என்னை மட்டும் ஏன் விடச் சொல்லுறீங்கள்?”

எழும்பிப் போய் மிச்சக் கணவாயை நானே துப்புரவாக்கினேன். நாங்கள் வீடு வாங்கிய அந்தக் காரணத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. பழைய வீடு லாபம், இடம் நல்லது என்றுதான் எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தேன். அன்றிரவு கணவாய்க் கறியும் புட்டும் சாப்பிட்டோம். 

வியாழன் மாலை சுமதி தன் நல்ல நீலச் சட்டையைப் போட்டாள். மிம்மா கொடுத்த தாள் இன்னும் அவளிடம் இருந்தது. மிம்மா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. போக முன்னர் மிம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, போகலாமா என்று கேட்டிருக்கிறாள். என்னவும் செய் என்று சொல்லிவிட்டு மிம்மா வைத்துவிட்டாவாம்.

கூட்டம் கட்டடத்தின் வாசல் மண்டபத்தில். பத்துப் பிளாஸ்டிக் கதிரைகள். மிச்சப் பேர் படிகளில். ஃபாபியோவும் வாசலில் நின்றார். அவர் சுமதியை ஒரு பக்கம் அழைத்து ஏதோ மெல்லச் சொன்னார். பிறகு அவள் எனக்குச் சொன்னாள்: வீடு கைமாற முன்னர் திருத்த வேலைக்கு முடிவெடுத்தால் அந்த வீட்டின் பங்குச் செலவு சினியோராவின் தலையில்தான் விழும், நீ கையை உயர்த்து, உனக்கு நட்டமில்லை என்றாராம்.

கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதலாம் மாடிக்காரர், பாண் சுடுகிறவர், தன் பல்கனி நல்லாயிருக்கிறது என்றார். நாலாம் மாடிப் பெண், அவருடைய பல்கனிதான் தன் தலைக்கு மேல் விழுகிறது என்றா. அவ நாலாம் மாடி, அவர் முதலாம் மாடி என்று ஒருவர் கணக்குச் சொன்னார். நான் தெருவில் நடக்கிற நேரத்தில், என்றா அவ. இடையில் யாரோ சுமதியைக் காட்டி, சொந்தக்காரி இல்லாத ஒரு வெளிநாட்டுக்காரி இங்கே ஏன் இருக்கிறா என்று கேட்டார். நிர்வாகி அதிகாரத் தாளைத் தூக்கிக் காட்டினார். சத்தம் அடங்கவில்லை.

சுமதி எழும்பினாள். கத்தவில்லை. அவள் சொன்னதை ரவி என் காதில் தமிழாக்கிக்கொண்டிருந்தார்.

“இந்த ஊரில இருபத்திரண்டு வருசமா நான் பல்கனி கழுவுறன். உங்களில ஒருதரும் முழங்காலில இருந்து உங்கட பல்கனியைப் பாத்திருக்க மாட்டியள். நான் பாத்திருக்கிறன். எது நிக்கும், எது விழும் எண்டு எனக்குத் தெரியும். இது விழும்.”

பிறகு நிர்வாகியைப் பார்த்து, தான் எழுதச் சொல்வதைக் குறிப்பில் எழுதச் சொன்னாள். மூன்றாம் மாடி வீட்டின் சார்பில் திருத்தத்துக்குச் சம்மதம். அந்த வீட்டை நான் வாங்கினால் இந்தச் செலவில் அதன் பங்கு என்னுடையது, சினியோரா மிம்மாவுடையது இல்லை. ஃபாபியோ வாசலில் நின்று கையை விரித்தார். ரவி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கும் இது அப்போதுதான் தெரியும்.

நிர்வாகி எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவள் திரும்பக் கதிரையில் இருந்தாள். வாக்கெடுப்பில் கைகள் ஒவ்வொன்றாக எழும்பின. பாண்காரர் கடைசியாக, கூரையைப் பார்த்துக்கொண்டு, உயர்த்தினார். ஆறு தடவை ஒத்திவைத்த விஷயம் முடிந்தது. முடிந்ததும் அவரே கடைக்குப் போய், தக்காளியும் வெங்காயமும் போட்ட தடித்த சதுரப் பாண் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். கத்தியவர்கள் எல்லாரும் படிகளில் இருந்து சாப்பிட்டார்கள். நாலாம் மாடிப் பெண் எனக்கு ஓரத்து மொறுமொறுத் துண்டைத் தேடித் தந்தா. எங்கள் கோபே கட்டடத்தின் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடியும். எல்லாரும் தலை குனிந்து வணங்கிவிட்டு அவரவர் கதவுக்குள் போவோம். ஆறு வருடத்தில் எனக்கு அங்கே மூன்று பேரின் பெயர்தான் தெரியும். இங்கே ஒரு மாலையில் ஏழு பேரின் பெயரும், அவர்களில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை மிம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. தான் போர்கோ வெக்கியோ வீட்டில் இருக்கிறாவாம், எங்களை வரட்டாம். மூன்று மாடியையும் எப்படி ஏறினா என்று தெரியவில்லை. நாங்கள் போனபோது கண்ணாடிக் குசினியில், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், ஒரு கதிரையில் இருந்தா. மூச்சு இன்னும் வாங்கியது. மகளுக்குச் சொல்லாமல் வந்திருக்கிறா.

கூட்டத்தில் நடந்தது அன்றிரவே நாலாம் மாடிப் பெண் மூலம் அவவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கனநேரம் பேசினா. சுமதி குறுக்கிடாமல் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாள்.

“நாப்பது வருசமா கூட்டத்தில அவ புருசனுக்குப் பக்கத்தில பேசாமல் இருந்தவவாம். அவர் போன பிறகும் பேசேல்லையாம். நேற்று உங்கட வீடு கதைச்சது எண்டு எல்லாரும் அவவுக்குச் சொல்லியிருக்கினம்.”

மிலான்காரரைப் பற்றியும் சொன்னா. வந்து பார்த்தவர் எத்தனை கட்டில் போடலாம் என்று மட்டும் கேட்டாராம். பிறகு மிம்மா எழும்பி, பளிங்குத் தொட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்தா. குசினியை எடுங்கள் என்றா. ஆனால் இந்தத் தொட்டியை உடைக்கவோ விற்கவோ கூடாது. உள்ளே புதிதாகச் செய்யும் குசினியில் வைக்கவேண்டும். சுமதி ஓம் என்று தமிழிலேயே சொன்னாள். மிம்மாவுக்கு விளங்கியது. இறங்கும்போது ரவியும் சுமதியும் இரு பக்கமும் பிடித்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்றோம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்தது.

அடுத்த வாரத்துக்குள் முன் ஒப்பந்தம் எழுதினார்கள். நானும் பயணத்தைச் சில நாள் தள்ளிப்போட்டேன். வேலையாட்கள் வந்து கண்ணாடியைக் கழற்றிய நாளில் ரவியும் நானும் உதவிக்கு நின்றோம். இரும்புச் சட்டங்களை ஒட்டியிருந்த இடங்களில் ஓர் ஓட்டை, ஒரு பிசகு இல்லை. வேலையாள் ஒருவர் விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அறுக்கத்தான் வேண்டியிருந்தது. பளிங்குத் தொட்டியைக் கம்பளியில் சுற்றி நாலு பேராகத் தூக்கி உள்ளே வைத்தோம். மதியம் மிம்மா சுமதிக்குத் தொலைபேசி எடுத்தா. எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டா. மூன்று மணித்தியாலம் என்றாள் சுமதி.

“அவருக்கு ஒன்பது நாள் எடுத்தது,” என்று சொல்லிவிட்டு மிம்மா வைத்துவிட்டா.

நான் கோபேக்குத் திரும்பினேன். வரைபடம் சரிபார்த்து, வங்கியின் ஆள் வந்து பார்த்து, பத்திரம் எழுதும் நொத்தாரிசுவிடம் உறுதி முடிக்க யூலை பிறந்துவிட்டது. அன்று எங்கள் நேரம் மாலை ஏழு மணிக்குச் சுமதி அழைத்தாள். நொத்தாரிசு உறுதியை வேகமாக வாசித்துக்கொண்டு போனாராம். எல்லாம் விளங்கியதா என்று கேட்டபோது, இரண்டாம் பக்கத்திலிருந்து திரும்பவும் ஆறுதலாக வாசியுங்கள் என்றாளாம். வாசித்தாராம். மிம்மா, ஃபாபியோ, வங்கிக்காரர் எல்லாரும் காத்திருந்தார்களாம். முடிந்ததும் மிம்மா சாவிகளை அவளுடைய கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, மகளின் காரில் ஏறிப் போய்விட்டா. ரவிக்கு வேலை. சுமதி தனியே போர்கோ வெக்கியோவுக்கு நடந்து போனாள்.

வீட்டுக்குள் போய் முதலில் என்ன செய்தாய் என்று கேட்டேன். பால் காய்ச்சினாயா, படம் வைத்தாயா என்று.

“ஒண்டும் செய்யேல்லை, அக்கா. உள்ளுக்கை போய்க் கதவைப் பூட்டினன். பிறகு திறந்தன். பிறகு பூட்டினன்.”

“எத்தினை தரம்?”

“தெரியேல்லை. கனதரம். சத்தம் கேட்டு நாலாம் மாடிக்காரி இறங்கி வந்திட்டா. பூட்டுப் பழுதோ எண்டு கேட்டா. இல்லை, நல்லா வேலை செய்யுது எண்டு சொன்னன்.”